ரொறன்ரோவுக்கு ஏன் நேரடி விமானம் இல்லை? நெடுந்தூர வான்வழிகள் தீர்மானமாகும் விதம்

வெள்ளவத்தையில் காலி வீதியோரம் உள்ள பயண முகவர் நிலையங்களில் ஆண்டு முழுவதும் கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு: கொழும்பிலிருந்து ரொறன்ரோவுக்கு நேரடி விமானம் எப்போது வரும்? கேட்பவர்களின் நியாயம் எளிதில் விளங்கக்கூடியது. கனடாவில் இலட்சத்துக்கும் மேற்பட்ட தமிழர் வாழ்கிறார்கள். கலியாணம், அந்தியேட்டி, கோயில் திருவிழா, காணி உறுதி என்று ஏதோ ஒரு காரணத்துக்காக அவர்கள் வந்து போய்க்கொண்டே இருக்கிறார்கள். இத்தனை பேர் இருக்கும்போது ஒரு விமானத்தை நிரப்ப முடியாதா என்பது அவர்களுடைய கேள்வி. நிரப்ப முடியும். விமானத்தை நிரப்புவது இந்தத் தொழிலில் அவ்வளவு கடினமான காரியமல்ல. நிரம்பிய விமானம் நட்டத்தில் பறப்பதுதான் இங்கு அடிக்கடி நடப்பது. ஒரு நெடுந்தூர வழி திறக்கப்படுமா என்பதைத் தீர்மானிப்பது பயணிக்க விரும்புவோரின் தொகையல்ல, ஒரு விமானத்தின் இருபத்து நான்கு மணித்தியாலங்களை அந்த வழி எப்படிச் செலவழிக்கிறது என்பதும், அதே மணித்தியாலங்களை வேறெங்காவது செலவழித்தால் என்ன கிடைக்கும் என்பதுமே ஆகும்.

தேவையை அளப்பதிலிருந்தே வேலை தொடங்குகிறது. முகவர் நிலையத்தில் கணினி வழியாகப் பதியப்படும் ஒவ்வொரு டிக்கெட்டும் உலகளாவிய முன்பதிவு வலையமைப்புகளில் ஒரு தடயத்தை விட்டுச் செல்கிறது. அந்தத் தரவு தொகுக்கப்பட்டு விமான நிறுவனங்களுக்கு விற்கப்படுகிறது. கொழும்புக்கும் ரொறன்ரோவுக்கும் இடையே நேரடிச் சேவை இல்லாவிட்டாலும், டோஹா, டுபாய், அபுதாபி, இஸ்தான்புல், லண்டன், டெல்லி ஆகியவற்றில் எதன் வழியாக எத்தனை பேர் எந்த மாதத்தில் சென்றார்கள் என்பதைத் திட்டமிடுவோர் அந்தத் தரவிலிருந்து அறிந்துகொள்கிறார்கள். அதன்பிறகு, புதிதாக ஒரு சேவை நுழைந்தால் இந்தப் பயணிகளில் எத்தனை பங்கு அதற்குக் கிடைக்கும் என்று மதிப்பிடுகிறார்கள். நேரடிச் சேவைக்கு இத்தனை புள்ளி, ஓரிடத்தில் மாறிச் செல்வதற்கு இத்தனை, காத்திருப்பு நீளநீள இவ்வளவு குறைப்பு, வாரத்துக்கு எத்தனை தடவை பறக்கிறது என்பதற்கு இத்தனை என்று எடையிட்டுக் கணக்கிடும் இம்முறை, அமெரிக்காவின் சிவில் வானூர்திச் சபை வழிகளை அனுமதித்துக்கொண்டிருந்த காலத்தில் உருவானது. பல திருத்தங்களோடு இன்றும் புழக்கத்தில் இருக்கிறது.

எண்களில் பார்ப்போம். ஸ்ரீலங்கன் விமான சேவையின் ஏ330-300 விமானத்தில் 297 ஆசனங்கள் உள்ளன. இந்த அளவான ஒரு விமானம் வாரத்துக்கு மூன்று தடவை பறந்தால் ஒரு திசைக்கு 891 ஆசனங்கள் விற்பனைக்கு வரும். அவற்றில் எண்பது வீதத்தை நிரப்ப ஏறத்தாழ 713 பேர் வேண்டும், அதாவது நாளொன்றுக்கு ஒரு திசையில் சுமார் நூறு பேர். நேரடிச் சேவை எவ்வளவு சிறந்ததாக இருந்தாலும் சந்தை முழுவதையும் அது வளைத்துக்கொள்வதில்லை. மலிவான டிக்கெட்டுக்காக ஆறு மணித்தியாலம் டோஹாவில் காத்திருக்கத் தயாராக இருப்பவர்கள் எப்போதும் இருப்பார்கள். ஆகவே நாளுக்கு நூறு பேரைப் பெறுவதற்கு, அந்தச் சந்தையில் அதைப்போல ஒன்றரை மடங்கோ இரண்டு மடங்கோ பேர் பயணித்துக்கொண்டிருக்க வேண்டும். அதுவும் ஆவணி மாதத்தில் மட்டுமல்லாமல், பெப்ரவரியின் ஒரு செவ்வாய்க்கிழமையிலும் இருக்க வேண்டும்.

இந்தப் பெப்ரவரிச் செவ்வாய்க்கிழமைதான் புலம்பெயர் சமூகங்களை நம்பித் திறக்கப்படும் வழிகளுக்குப் பெரும் சோதனை. உறவினரைப் பார்க்க வருவோரின் பயணம் பாடசாலை விடுமுறையோடும் ஊர்த் திருவிழாவோடும் கட்டுண்டது. யூலையிலும் ஓகஸ்டிலும், இருபத்தைந்து நாட்கள் நீளும் நல்லூர்த் திருவிழாவை ஒட்டி, எல்லோரும் ஒரே திசையில் வருகிறார்கள். பாடசாலை தொடங்கும் முன்னர் எல்லோரும் மறுதிசையில் திரும்புகிறார்கள். யூலை நடுப்பகுதியில் கட்டுநாயக்கவுக்கு வந்து இறங்கும் விமானம் நிரம்பியிருக்கும். அதே விமானம் திரும்பிப் போகையில் ஆசன வரிசைகளில் கால் நீட்டிப் படுக்கலாம். போவதும் வருவதும் சேர்ந்த ஒரு சுற்றில் சராசரி எழுபது வீதம்தான் வரும் என்றால், உச்சப் பருவத்தில் டிக்கெட் கிடைக்கவில்லை என்று நாம் ஆதங்கப்பட்ட விமானமே கணக்கேட்டில் அரைகுறையாக நிரம்பிய விமானமாகத்தான் தெரியும். இவர்கள் டிக்கெட்டை மாதக்கணக்கில் முன்கூட்டியே, ஐந்தாறு விலைகளை ஒப்பிட்டு, குடும்பமாக வாங்குபவர்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். போகும்போது மிளகாய்த்தூளும் கருவாடும் அடைத்த பெட்டிகள் இரண்டும் கூடவே போகும். நான் இதை ஏளனமாகச் சொல்லவில்லை, என் வீட்டுப் பெட்டிகளும் அப்படித்தான் போயிருக்கின்றன. நெடுந்தூரப் பறப்பில் ஒவ்வொரு கிலோவுக்கும் எரிபொருள் எரிகிறது என்பதுதான் இங்கு பொருந்தும் விடயம்.

நெடுந்தூர வழியொன்றின் இலாபம் பெரும்பாலும் முன்வரிசை ஆசனங்களிலிருந்தும், பயணிகளின் காலடியில் உள்ள சரக்கு அறையிலிருந்தும் வருகிறது. பிசினஸ் வகுப்பில் ஒருவர் செலுத்துவது சாதாரண வகுப்பில் இருப்பவர் செலுத்துவதைப் போலப் பல மடங்கு. வங்கியாளர்கள், ஆடைக் கொள்வனவாளர்கள், கப்பற்றொழில் சார்ந்தோர் ஆகியோர் ஓரளவுக்கேனும் போய்வரும் லண்டன் வழிக்கு அந்த வலு இருக்கிறது. சரக்கைப் பொறுத்தவரை, இலங்கையிலிருந்து ஏற்றுமதியாகும் ஆடைகளும் குளிரூட்டிய சூரை மீனும் ஐரோப்பா நோக்கிய விமானங்களின் வயிற்றை நிரப்பக்கூடியவை. ஐரோப்பாவிலிருந்து டிசம்பர் முதல் ஏப்ரல் வரை தென்மேற்குக் கடற்கரைக்கு உல்லாசப் பயணிகளும் வருகிறார்கள். அவர்களின் பருவம் புலம்பெயர்ந்தோரின் ஓகஸ்ட் பருவத்தோடு மோதாமல் இடைவெளியை நிரப்புகிறது. சூரிச்சிலிருந்து எடெல்வைஸ் போன்ற உல்லாசப் பயண விமான நிறுவனங்கள் குளிர்காலத்தைக் குறிவைத்துக் கொழும்புக்கு வருவது இதனால்தான். ரொறன்ரோ வழியில் இந்தத் துணைத்தூண்கள் மெலிந்தவை.

இனித் தூரம். கொழும்பிலிருந்து லண்டன் ஏறத்தாழ 8,700 கிலோமீற்றர், பாரிஸ் 8,500, மெல்பேர்ண் 8,400க்குச் சற்றுக் குறைவு. ரொறன்ரோவோ ஏறத்தாழ 14,000 கிலோமீற்றர். ஏ330-300 விமானத்தின் அதிகபட்ச வீச்சு 12,000 கிலோமீற்றருக்கும் குறைவானது என்பதால், ஸ்ரீலங்கனிடம் இன்றுள்ள அந்த விமானங்களால் இடையில் இறங்காமல் அங்கே போக முடியாது. போகக்கூடிய விமானத்தை வாங்க ஒருகாலத்தில் ஏற்பாடு இருந்தது. 2013இல் ஏ350 விமானங்களுக்குக் கட்டளை கொடுக்கப்பட்டு, நிறுவனத்தின் நட்டம் பெருகிய பின்னர் அவை கைவிடப்பட்டன; குத்தகை ஒப்பந்தங்களை 2016இல் முறித்ததற்காகப் பெருந்தொகை தண்டமும் செலுத்தப்பட்டது. அந்த முடிவு சரியா பிழையா என்ற விவாதம் தனியானது. விமானம் இல்லாத இடத்தில் வழியைப் பற்றிய பேச்சு வெறும் ஆசைதான்.

விமானம் இருந்தாலும் கணக்கு இலகுவாகிவிடாது. பதினாறு பதினேழு மணித்தியாலப் பறப்பின் கடைசி மணித்தியாலத்துக்கு வேண்டிய எரிபொருளைப் புறப்படும்போதே ஏற்ற வேண்டும், அதை அத்தனை நேரமும் சுமக்க வேண்டும், சுமப்பதற்கென்றே வேறு எரிபொருளை எரிக்க வேண்டும். மேலதிகமாக ஏற்றும் எடையில் மணித்தியாலத்துக்கு மூன்று நான்கு வீதம் அதைச் சுமப்பதிலேயே கரைந்துபோகும் என்பது தொழிலில் உள்ள வாய்ப்பாடு. சிங்கப்பூர் எயர்லைன்ஸ் இதை அனுபவித்து அறிந்தது. நியூயோர்க்குக்கு அருகிலுள்ள நெவார்க்குக்கு 2004இல் நான்கு இயந்திரம் கொண்ட ஏ340-500 விமானத்தில் அது தொடங்கிய நேரடிச் சேவையை, 2013இல் எரிபொருள் செலவு தாங்காமல் நிறுத்தியது. 2018 ஒக்டோபரில் இரட்டை இயந்திர ஏ350இன் நீள்வீச்சு வகையோடு திரும்பி வந்தபோது, அந்த விமானத்தில் வெறும் 161 ஆசனங்களே இருந்தன. சாதாரண வகுப்பு ஒன்றுகூட இல்லை. உலகின் மிக நீண்ட வழிகளில் ஒன்று, உறவினரைப் பார்க்கப் போகும் குடும்பங்களைக் கணக்கில் எடுக்காமலேதான் உயிர் வாழ்கிறது.

மணித்தியாலங்களின் கணக்கையும் போட்டுப் பார்ப்போம். ரொறன்ரோ சென்று திரும்பும் ஒரு சுற்றுக்கு, இரு முனைகளிலும் தரையில் நிற்கும் நேரத்தையும் சேர்த்தால், ஏறத்தாழ முப்பத்தாறு மணித்தியாலம் தேவைப்படும். அந்த நேரத்தில் அதே விமானம் டுபாய்க்கு மூன்று தடவை போய் வந்துவிடும். இரு நடைபாதை கொண்ட பெரிய அகலவுடல் விமானங்கள் பத்துப் பன்னிரண்டு அளவில் மட்டுமே உள்ள ஒரு நிறுவனம், அவற்றில் ஒன்றை வாரத்தின் பெரும்பகுதிக்கு ஒரே வழியில் பூட்டி வைக்குமுன் பலமுறை யோசிக்கும். ஒரு விமானம் பழுதானால் மாற்றுக்கு இன்னொன்று நிற்கிறதா என்ற கேள்வியும் இதற்குள் அடக்கம். மூன்று அல்லது நான்கு விமானிகள் கொண்ட குழு, மறுகரையில் அவர்களுக்கான விடுதி, அங்கு பராமரிப்புக்கு ஓர் ஒப்பந்தம் என்று செலவுகளும் அடுக்கடுக்காய் வரும்.

பறக்கும் உரிமையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனெனில் பெரும்பாலான வழிகளில் இது முதல் நாளே தீர்ந்துவிடும் விடயம். 1944இன் சிக்காகோ உடன்படிக்கைக்குப் பிறகு, எந்த நாட்டு விமானம் எந்த நாட்டுக்கு வாரத்தில் எத்தனை தடவை வரலாம் என்பதை நாடுகள் இருதரப்பு ஒப்பந்தங்களால் தீர்மானித்துக்கொள்கின்றன. தீராமல் போனால் என்ன நடக்கும் என்பதற்கு உதாரணம் கனடாவிலேயே இருக்கிறது. ஐக்கிய அரபு இராச்சியத்தின் விமான நிறுவனங்களான எமிரேட்ஸும் எதிஹாட்டும் ரொறன்ரோவுக்கு மேலதிக விமானங்களைக் கேட்டபோது, தெற்காசியாவுக்கான தன் பயணிகளை அவை உறிஞ்சிக்கொள்ளும் என்று எயர் கனடா எதிர்த்தது. கனடிய அரசும் மறுத்தது. 2010இல் அது இராசதந்திரப் பிணக்காக முற்றி, டுபாய்க்கு அருகே இருந்த தன் இராணுவத் தளத்தை விட்டுக் கனடா வெளியேற நேர்ந்தது, அங்கு செல்லும் கனடியர்களுக்கு விசாவும் கட்டாயமாக்கப்பட்டது. எமிரேட்ஸ் பல ஆண்டுகளாக வாரத்துக்கு மூன்று விமானங்களோடு திருப்திப்பட வேண்டியிருந்தது. 2023இல்தான் இரு நாடுகளும் அந்த எல்லையைக் கணிசமாகத் தளர்த்தின. ஸ்காபரோவிலிருந்து கொழும்புக்கு டிக்கெட் தேடிய குடும்பங்கள் அந்தப் பிணக்கின் விலையைத் தம்மையறியாமலேயே கட்டியிருக்கின்றன.

வழி தீர்மானமான பிறகு நேரத்தைத் தீர்மானிக்க வேண்டும். இந்தத் தொழிலில் எனக்கு மிகவும் சுவையாகத் தோன்றுவது இந்தப் பகுதிதான். லண்டன் வழியையே எடுத்துக்கொள்வோம். போவதற்கு ஏறத்தாழ பதினொரு மணித்தியாலம். அங்கே துப்புரவு செய்து, எரிபொருளும் உணவும் ஏற்றித் திருப்புவதற்கு ஒன்றரை மணித்தியாலம். திரும்பி வருவதற்குப் பத்தரை மணித்தியாலம். மொத்தம் இருபத்து மூன்று. நடுப்பகல் ஒரு மணிக்குக் கட்டுநாயக்கவிலிருந்து புறப்பட்ட விமானம் மறுநாள் நண்பகலில் திரும்பி வந்து நிற்கும். அடுத்த பறப்புக்கு ஒரு மணித்தியாலமே மிச்சம். அகலவுடல் விமானமொன்றைத் தயாராக்க அது போதாது. ஒரு மணித்தியாலம் குறைந்த காரணத்தால், தினசரிச் சேவைக்கு ஒரு விமானம் போதாமல் போகிறது. இரண்டாவது விமானத்தைக் கொண்டுவந்தாலோ அதற்கு மிஞ்சிய நேரத்தில் வேறு வேலை தேடிக் கொடுக்க வேண்டும். லண்டனிலிருந்து திரும்பிய விமானம் பிற்பகலில் இந்தியாவுக்கோ வளைகுடாவுக்கோ போய் வருவதும், நள்ளிரவை ஒட்டி மெல்பேர்ணுக்குக் கிளம்புவதும் இப்படிப்பட்ட துண்டு நேரங்களைக் கோத்தெடுக்கும் வேலையின் விளைவுகளே. கால அட்டவணையை ஒரு மாலை என்று சொல்லலாம். ஒரு பூவை நகர்த்தினால் எல்லாம் நகரும்.

நகர்த்துவதற்கும் இடமில்லாத விமான நிலையங்கள் இருக்கின்றன. லண்டன் ஹீத்ரோவில் ஆண்டுக்கு 480,000 ஏற்ற இறக்கங்களுக்கு மேல் அனுமதியில்லை; இரவு நேரங்களில் மிகச் சிலவே. அங்கே இறங்கவும் ஏறவும் ஒதுக்கப்படும் நேரத் துண்டு, ஸ்லொட் எனப்படுவது, சொத்தாகவே கைமாறுகிறது. 2016இல் ஓமான் எயர் ஒரு சோடி ஸ்லொட்டுக்கு 75 மில்லியன் அமெரிக்க டொலர் கொடுத்ததாகச் செய்திகள் வந்தன. கையில் இருக்கும் ஸ்லொட்டை ஒரு பருவத்தில் எண்பது வீதமாவது பயன்படுத்தாவிட்டால் அடுத்த ஆண்டு அது பறிபோகும் என்பது பொது விதி. ஆகவே சில வேளைகளில் நட்டமென்று தெரிந்தும் விமானம் பறக்கிறது. பருவங்களும் இரண்டுதான்: மார்ச் மாதத்தின் கடைசி ஞாயிறன்று கோடை அட்டவணையும், ஒக்டோபரின் கடைசி ஞாயிறன்று குளிர்கால அட்டவணையும் தொடங்கும். அன்றைய தினங்களிலேதான் ஐரோப்பா தன் கடிகாரத்தை மாற்றுகிறது, நாம் மாற்றுவதில்லை. லண்டனுக்கும் கொழும்புக்கும் இடையிலான வித்தியாசம் ஐந்தரையிலிருந்து நாலரை மணித்தியாலமாகிறது. ஹீத்ரோ நேரம் அசையாது என்றால் கொழும்பு நேரம்தான் அசைய வேண்டும். கட்டுநாயக்கவில் ஓடுபாதை ஒன்றே ஒன்று. 2017இல் சனவரி முதல் ஏப்ரல் வரை அதைப் புனரமைப்பதற்காகப் பகலில் காலை எட்டரை முதல் மாலை நாலரை வரை மூடியபோது, நடுப்பகல் சேவைகள் எல்லாம் இரவுக்குள் நெருக்கியடித்துக்கொண்டு போக நேர்ந்தது.

வளைகுடா விமானங்கள் ஏன் கட்டுநாயக்கவிலிருந்து விடியற்காலை மூன்று மணி போன்ற நேரங்களில் புறப்படுகின்றன என்று, வழியனுப்ப வந்து நித்திரை முறித்த எவரும் சலித்துக்கொண்டிருப்பார்கள். நேரம் கொழும்புக்காக வகுக்கப்படவில்லை. நாலரை மணித்தியாலத்துக்குச் சற்று மேல் பறந்து, ஒன்றரை மணித்தியால நேர வித்தியாசத்தைக் கழித்தால், அந்த விமானம் டுபாயில் ஆறு மணியளவில் இறங்கும். அதற்குள் கராச்சி, டாக்கா, சென்னை, கொச்சி என நாற்பது இடங்களிலிருந்து விமானங்கள் வந்து சேர்ந்திருக்கும். அடுத்த இரண்டு மூன்று மணித்தியாலங்களில் மேற்கே நாற்பது இடங்களுக்கு விமானங்கள் கிளம்பும். நாற்பதை நாற்பதால் பெருக்கினால் 1,600 நகரச் சோடிகள். ரொறன்ரோ விமானத்தில் கொழும்புக்காரர் இருபது பேர் இருந்தால் போதும், மிச்சத்தை மற்ற ஊர்கள் நிரப்பிவிடும். நேரடி வழிக்கு நாளொன்றுக்கு நூறு பேரைத் தேடி அலையும் நிறுவனம் போட்டியிட வேண்டியது இந்தப் பெருக்கல் வாய்ப்பாட்டோடுதான்.

கொழும்பும் சிறிய அளவில் இதே வித்தையைச் செய்கிறது. ஸ்ரீலங்கன் 2017 ஒக்டோபர் 29 அன்று மெல்பேர்ணுக்கு நேரடிச் சேவையைத் தொடங்கியபோது, அங்குள்ள பெரும் இலங்கைச் சமூகத்தை மட்டும் அது நம்பியிருக்கவில்லை. சென்னை, திருச்சி, மதுரை, கொச்சி, திருவனந்தபுரம் ஆகிய இடங்களிலிருந்து மாலையில் வரும் சிறிய விமானங்கள் இரவு விமானத்துக்குப் பயணிகளைக் கொண்டுவந்து சேர்க்கின்றன. மேற்குத் திசையில் இதே உத்தி பலிப்பது கடினம், ஏனெனில் திருச்சிக்காரர் லண்டன் போக முதலில் தெற்கே வரவேண்டியதில்லை. வளைகுடா அவருக்கு நேர்வழியில் இருக்கிறது. பாரிஸ், பிராங்பேர்ட் சேவைகளை ஸ்ரீலங்கன் 2016இல் நிறுத்தியதற்கும், கிழக்கு வழியை அடுத்த ஆண்டே திறந்ததற்கும் இந்தப் புவியியல் முக்கிய காரணம் என்பது என் கணிப்பு. பாரிஸ் சேவை 2021 நவம்பரில் மீண்டும் வந்தது. பிரிட்டிஷ் எயர்வேஸ் வேறொரு சூத்திரத்தை முயன்றது: 2013இல் பதினைந்து ஆண்டு இடைவெளிக்குப் பின் மாலைதீவு வழியாகக் கொழும்புக்கு வந்தது, 2015இல் விலகிப் போனது. அதே மாலே வழியாகவே தொடங்கிய துருக்கிய விமான நிறுவனமோ பின்னர் இஸ்தான்புல்லிலிருந்து நேரே வரத் தொடங்கியது. ஒரே சந்தையில் ஒருவருக்குக் கூடாதது இன்னொருவருக்குக் கூடிவருவதற்குக் காரணம், பின்னால் உள்ள வலையமைப்பின் வேறுபாடு.

வரைபடத்தில் கோடு போடுவதும் முன்புபோல் எளிதல்ல. கொழும்பையும் லண்டனையும் இணைக்கும் மிகக் குறுகிய கோடு அரபிக் கடலைத் தாண்டி, தெஹ்ரானுக்கு அருகாகச் சென்று, கருங்கடலின் மேலாக ஐரோப்பாவுக்குள் நுழைகிறது. 2025 ஜூனில் இஸ்ரேலும் ஈரானும் மோதியபோது ஈரானிய வான்வெளி மூடப்பட்டது. சுற்றிப் போனால் கூடும் அரை மணித்தியாலம், மேலே சொன்ன இருபத்து மூன்று மணித்தியாலக் கணக்கில் எங்கே போய் உட்காரும் என்று எண்ணிப் பாருங்கள். ரொறன்ரோவுக்கான குறுகிய கோட்டின் நடுப்புள்ளி வட ரஷ்யாவில் விழுகிறது. 2022 பெப்ரவரிக்குப் பிறகு கனடிய விமானங்களுக்கு அந்த வான்வெளி இல்லை. ஆகவே எயர் கனடா மறுமுனையிலிருந்து தொடங்க நினைத்தாலும் தூரம் இன்னும் நீளும்.

நாட்டின் நிலைமையும் இந்தக் கணக்கில் ஒரு வரி. 2022இல் கட்டுநாயக்கவில் எரிபொருள் தட்டுப்பாடு வந்தபோது, நெடுந்தூர விமானங்கள் திருவனந்தபுரத்திலும் கொச்சியிலும் இறங்கி நிரப்பிக்கொண்டு போயின. எரிபொருளின் விலை மட்டுமல்ல, இன்னொரு இறக்கமும் ஏற்றமும் பணிக்குழுவின் சட்டபூர்வமான வேலை நேரத்தைத் தின்றன. அதே காலத்தில், இங்கே ரூபாயில் விற்ற டிக்கெட்டுகளின் பணத்தை டொலராக மாற்றி அனுப்ப முடியாமல் வெளிநாட்டு நிறுவனங்கள் தவித்தன. புதிய வழியொன்று தன் காலில் நிற்க இரண்டு மூன்று ஆண்டுகள் பிடிக்கும் என்று வைத்துக்கொண்டே நிறுவனங்கள் முதலிடுகின்றன. அந்த ஆண்டுகளுக்குள் இப்படியொரு அதிர்ச்சி வருமா என்பதை அவை எடைபோடாமல் இருப்பதில்லை.

இனி வெள்ளவத்தைக் கேள்விக்குத் திரும்பினால், தரவில் ஒரு பொத்தல் இருப்பதையும் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்துக்குப் போகும் கனடாக்காரர் பலருக்கு இப்போது இன்னொரு பாதை திறந்திருக்கிறது. பலாலி 2019 ஒக்டோபரில் சர்வதேச விமான நிலையமாகியது. பெருந்தொற்றில் நின்றுபோன சென்னைச் சேவை 2022 டிசம்பரில் மீண்டது. 2024 செப்டெம்பரில் இண்டிகோவும் வந்து சேர்ந்தது. ரொறன்ரோவிலிருந்து சென்னைக்கு ஒரு டிக்கெட், சென்னையிலிருந்து பலாலிக்குத் தனியாக இன்னொரு டிக்கெட் என்று வாங்கி, இடையில் இரண்டு நாள் தியாகராய நகரில் கலியாணச் சேலை எடுத்துக்கொண்டு அவர் வீடு போய்ச் சேர்கிறார். நிறுவனங்களுக்கு விற்கப்படும் அந்தத் தரவுத் தொகுப்பில் அவர் இலங்கைக்கு வந்தவர் அல்ல, சென்னைக்கு வந்த ஒரு பயணி. கொழும்பு–ரொறன்ரோ என்ற வரிக்கு எதிரே உள்ள எண் அவரைச் சேர்க்காமலே எழுதப்படுகிறது.